கரமடி வளைக்காத நாள்

எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு: இரைச்சல். பூமிக்குள் எங்கோ பாறை உடைந்து எழும் அதிர்வு ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியது. மற்றதெல்லாம் இரைச்சல். சாலையில் லாரி போனால் இரைச்சல், தென்னை காற்றில் ஆடினால் இரைச்சல், மனிதர்கள் நடந்தால் இரைச்சல், கடல் கரையில் மோதினால் அதுவும் இரைச்சல். அந்தச் சொல்லைப் பத்து வருடம் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யாராவது என் முன்னால் அதைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் நிலநடுக்கம் படித்தவள். முனைவர் பட்டம் முடித்ததும் ஒரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் என்னை எடுத்தார்கள். பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு என்று அதற்குப் பெயர். எங்கள் குடும்பத்தில் இது யாருக்கும் விளங்கவில்லை. கல்யாண வீடுகளில் மாமா என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்: "டாக்டர் ஆயாச்சுண்ணு சொன்னியே, பின்னயும் என்னத்தைப் பிள்ளே படிக்கே? தோத்துப் போனியா?" பந்தியில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

செய்த வேலையைச் சொல்கிறேன். கடலுக்கு அடியில் பெரிய நிலநடுக்கம் வந்தால் அதன் முதல் அதிர்வு நிலத்துக்குள் ஓடி, சில நிமிடங்களில் நம் கரைக்கு வந்துவிடும். அலை வந்து சேர அதைவிட வெகுநேரம் ஆகும். அந்த முதல் அதிர்வின் முதல் சில நொடிகளை மட்டும் வைத்து, இது எவ்வளவு பெரிய நிலநடுக்கம், சுனாமி எழும்புமா எழும்பாதா என்று ஒரு சின்னப் பெட்டி கரையிலேயே கணக்குப் போட்டுவிட வேண்டும். அந்தப் பெட்டியையும் அதற்குள் ஓடும் கணக்கையும் உருவாக்குவதுதான் என் ஆய்வு.

பெட்டியைப் பதிக்க எங்கள் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். அந்தப் பெரிய சுனாமி வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் நாகர்கோவிலைத் தாண்டி உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. கடலுக்கும் எங்களுக்கும் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் சுனாமியால் எங்கள் தெருவில் நடந்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: கொஞ்ச காலம் யாரும் மீன் வாங்கவில்லை. பிணம் தின்ற மீன் என்றார்கள். கோயில் கொடியேறிய நாட்கள் போக மற்ற நாளெல்லாம் மீன் இல்லாமல் சோறு இறங்காத தெரு அது. அயிலை விலை இறங்கியதும் பிணத்தை மறந்துவிட்டார்கள். கடற்கரையில் யார் செத்தார்கள், யார் மிஞ்சினார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஆய்வுக்காக நான் தினமும் அந்தப் பக்கம் போக ஆரம்பித்ததும் அம்மா வாசலில் வாளியில் தண்ணீர் வைத்துவிடுவாள். "கடப்புறத்துக்குப் போயிட்டு வாறே, மேலுகழுவிட்டு உள்ள கேறு." அதே கடப்புறத்திலிருந்து வந்த நெத்திலி அடுக்களையில் கொதித்துக்கொண்டிருக்கும். நான் சண்டை போட்டதில்லை. மேல் கழுவிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மட்டும் நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனயத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். பெட்டியை வைக்கச் சாலைக்குத் தள்ளி, யாரும் மிதிக்காத ஒரு இடம் வேண்டும். பலர் வீட்டில் கேட்டேன், முடியாது என்றார்கள். கடைசியில் ஒரு பெண்மணி சரி என்றார். ஐம்பது தாண்டியவர், மீன் விற்பவர். கணவர் ஒரு சாதாரண நாளில் வள்ளம் கவிழ்ந்து போனவர். ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். விடியற்காலையில் கரைக்குப் போய் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தைத் தலையில் ஏற்றி, ஷேர் ஆட்டோ போகும் இடம்வரை ஆட்டோவிலும் போகாத தெருவெல்லாம் காலாலும் சுற்றி விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார். அவர் நடக்கிற வேகத்துக்கு நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. "எனக்க காலுதான் எனக்க வண்டி" என்பார்.

வீட்டுக்குப் பின்புறம், அடுக்களைச் சுவரை ஒட்டி, கருமணல் ஓடிய மண்ணில் குழி தோண்டினோம். அடியில் சிமெண்டுத் தளம் போட்டு, பெட்டியை இறக்கி, மூடி வைத்தோம். அவர் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"கடலு கேறி வந்தா இது சொல்லுமா மக்கா?"

"சொல்லும் அக்கா."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குப் போன்ல வரும். நான் ஒங்களக் கூப்பிட்டுச் சொல்லுவேன்."

"அப்பம் சரி. நீ சொன்னாப் போதும்."

நிலநடுக்கத்தால் கடல் ஏறினால் மட்டும்தான் சொல்லும் என்று நான் விளக்கியிருக்க வேண்டும். அவர் கேட்டது ஒரு சின்னக் கேள்வி, நானும் சின்னதாகப் பதில் சொன்னேன். அடுக்களையில் எனக்காகக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் ஆறிக்கொண்டிருந்தன.

அன்று முதல் அந்த ஊரில் என் பெயர் டாக்டர் பிள்ளை. பெட்டி அவருடைய பெட்டி. கோழி அதன் மேல் ஏறினால் எனக்குப் போன் வரும். மழை பெய்தால் போன் வரும். பக்கத்து வீட்டுப் பெண்களிடம், எனக்க முற்றத்துல சுனாமி கண்டுபிடிக்குத மெஷின் கெடக்கு என்று பெருமை அடித்துக்கொள்வார். மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

முதல் வாரத்திலேயே தொந்தரவு தெரிந்தது. ஊரே மாதா கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை தவிர ஒவ்வொரு நாளும் காலையில், என் திரையில் மெல்லிய கோடாக ஓட வேண்டிய பதிவு, ஒன்றரை இரண்டு மணி நேரம் தடித்துக் கறுத்துவிடும். என்னவென்று பார்க்கக் கரைக்குப் போனேன். கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, கயிற்றின் இரு முனைகளையும் கரைக்குக் கொண்டுவந்து, இரண்டு வரிசையாக நாற்பது பேர் நின்று இழுப்பார்கள். உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை மணலில் குத்தி, எல்லோரும் ஒரே மூச்சில். அத்தனை குதிகாலும் ஒன்றாக ஊன்றும்போது மண் அதிர்கிறது. அந்த அதிர்வைத்தான் என் பெட்டி எழுதித் தள்ளிக்கொண்டிருந்தது.

என் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. அவர் வேறொரு நகரத்தில், குளிரூட்டிய அறையில் இருப்பவர். எங்கள் கடற்கரையைத் திரையில் மட்டும் பார்த்தவர். "அந்த ஆட்களைக் கொஞ்சம் தள்ளிப் போய் இழுக்கச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார். இதைப் போய் யாரிடமாவது சொல்ல முடியுமா என்று அவரிடம் நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? போய்ச் சொன்னேன். மடிக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். கடலைப் பார்த்து இன்றைக்கு வளைக்கலாமா வேண்டாமா என்று முடிவு சொல்பவர் அவர்தான். நான் சொன்னதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"மீனு ஒனக்க பெட்டியக் கண்டிட்டா பிள்ளே கரைக்கு வருது? நீ ஒண்ணு செய். கடலுகிட்டச் சொல்லி அதக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. நாங்களும் பின்னால போறோம்."

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் இழுப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு மூக்கு விடைத்துவிட்டது. உயிரைக் காப்பாற்ற வந்தவளைக் கேலி செய்கிறார்களே என்று ஸ்கூட்டரில் வழி முழுக்க முனகிக்கொண்டு, மணவாளக்குறிச்சி தாண்டி வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தக் கோபத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினேன். கரமடி அதிர்வு எப்படி இருக்கும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தேன். அடையாளம் கண்டதும் அது தானாகவே அதைப் பதிவிலிருந்து துடைத்துவிடும். கடலின் மெதுவான ஆட்டத்தை ஏற்கெனவே வடிகட்டிவிட்டிருந்தோம். அது எல்லா ஆய்வுக்கூடத்திலும் முதல் நாளே செய்வது. ஆக, கடலும் போயிற்று, கடலை நம்பி நின்ற ஆட்களும் போனார்கள். என் திரையில் மெல்லிய கோடு ஒன்று மட்டும் மிஞ்சியது. கருத்தரங்கில் இதைக் காட்டினேன், கை தட்டினார்கள். கட்டுரையில் மனித நடமாட்ட இரைச்சல் முழுமையாக நீக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியை எழுதியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

அந்த நாள் ஒரு வேலை நாள். நல்ல வெயில், காற்றே இல்லை. காலை எட்டு மணி வாக்கில் போன் வந்தது.

"மக்கா, இன்னிக்கு மடி வளைக்கல்ல. கடலு ஒரு மாதிரி கெடக்கு. கள்ளக்கடல் கேறுமுண்ணு ஆளுவ சொல்லுது. கோயில் மைக்குல எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுதாவ. பெட்டி என்ன சொல்லுது?"

கள்ளக்கடல் என்ற சொல்லை அதற்கு முன் இரண்டொரு முறை அவர் வாயிலிருந்தே கேட்டிருந்தேன். எங்கோ தெற்கே, வெகுதூரத்துக் கடலில் அடித்த புயலின் அலைகள் நாட்கணக்காக நகர்ந்து வந்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத ஒரு பகலில் சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும். கள்ளன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். நிலநடுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது என் காதில் ஏறியிருந்தது. அதனால் அது என் பாடம் இல்லை, ஊர்ப் பேச்சு. அதற்குமேல் நான் தெரிந்துகொள்ள மெனக்கெடவில்லை.

மடிக்கணினியைத் திறந்தேன். கோடு ஆடாமல் அசையாமல் ஓடியது. நிரல் எழுதிய பிறகும் கரமடி நேரத்தில் அங்குமிங்கும் கொஞ்சம் பிசிறு மிச்சமிருக்கும். அன்றைக்கு அதுவும் இல்லை.

"பெட்டி அமைதியா இருக்கு அக்கா. ஒண்ணும் பயப்படாண்டாம்."

"அப்பம் நான் போவல்ல. சாளை காயப்போட்டிருக்கு. விட்டுட்டுப் போனா காக்கா கொத்திரும்."

போனை வைத்தேன். வைத்த கையோடு அந்தத் திரையைப் படம் எடுத்து, "இன்று பதிவு மிகத் தூய்மை" என்று எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பினார்.

மூன்றரை மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகன் ஒரு வீடியோ போட்டான். கடல் தடுப்புச் சுவரைத் தாண்டி, தெருவுக்குள் நுரையோடு ஓடுகிறது. அதற்குக் கீழே யாரோ வாயைப் பிளந்த மஞ்சள் முகம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அடுத்தவர், வாரக் கடைசியில் பீச்சுக்குப் போகலாமென்று இருந்தோமே என்று எழுதியிருந்தார். வீடியோவின் ஓரத்தில் ஒரு நீலக் கதவு தெரிந்தது. எனக்கு அந்தக் கதவு தெரியும். அவர் போனுக்கு அடித்தேன், மணி அடித்து அடித்து நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இறங்கியிருந்தது. தெரு முழுக்க ஈர மணல். நீலக் கதவு நின்றது, பின்பக்கம் அடுக்களைச் சுவர் இல்லை. முற்றத்தில் சாளை இல்லை, அதைக் காயப்போட்ட பாயும் இல்லை. இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. நான் முதலில் குழியைத்தான் போய்ப் பார்த்தேன். அது நிறையத் தண்ணீர். குனிந்து பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தபோது பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது.

"ஆளு ஆஸ்பத்திரியில கெடக்கு. இவ அந்தச் சவம்பிடிச்ச பெட்டியத் தேடுதா!"

எழுந்து நின்றேன். அந்தப் பெண் என் முகத்துக்கு நேரே வந்தார்.

"நாங்க எத்தன தடவ கூப்பிட்டோம் தெரியுமா? டாக்டர் பிள்ள ஒண்ணுமில்லண்ணு சொல்லியாச்சு, நீங்க போங்கண்ணு சொல்லிட்டு இருந்தா. மைக்குல சாமியார் சொல்லுதாரு, மடிக்கு மூத்தவரு சொல்லுதாரு, ஊரே சொல்லுது. அவளுக்கு நீ சொன்னாத்தானாம்."

சுவர் அவருடைய வலது காலின் மேல் விழுந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, கம்பி வைத்துப் பூட்டினார்கள். நடக்கலாம், ஆனால் சுமை தூக்கி நடக்க முடியாது என்றார் மருத்துவர். அதைக் கேட்டதும் அவர் யாரையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு திரும்பி என்னிடம் கேட்டார்.

"பெட்டி ஏன் மக்கா சொல்லல்ல?"

"அது வேற அக்கா. இது பூகம்பத்துக்கு உள்ளதாக்கும். கள்ளக்கடல் பூகம்பத்துல வாறது இல்ல."

"அப்பிடியா? எனக்கென்ன தெரியும்."

அதோடு விட்டுவிட்டார். நான் அழுவதைப் பார்த்து, யாரோ அவருக்கு வாங்கி வந்திருந்த ஆரஞ்சில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆரஞ்சை என்னால் தின்ன முடியவில்லை. வரும் வழியில் ஒரு மதகின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பேராசிரியருக்கு நடந்ததைச் சொன்னேன். வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவித்த அதே மூச்சில், இது நம் ஆய்வின் எல்லைக்குள் வராது, கட்டுரையில் தவறவிட்ட நிகழ்வுகள் எதுவும் இல்லை என்ற வரி அப்படியே இருக்கட்டும் என்றார். சரி என்றேன். அவரும் பாடப்புத்தகம் படித்தவர்தான்.

மூன்று வாரம் கழித்து, தூக்கம் பிடிக்காத மனசோடு ஒரு முற்பகலில் உட்கார்ந்து, எதையும் வடிகட்டாத மூலப் பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் கரமடியின் கறுத்த பட்டை. ஞாயிறு தவறாமல் வெறுமை, அன்றைக்கு எல்லோரும் பூசைக்குப் போவார்கள். அந்த நாளுக்கு வந்தேன். வேலை நாள், ஆனால் பட்டை இல்லை. ஒரு குதிகால்கூட மணலில் ஊன்றவில்லை. அதற்கு அடியில், முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்தே கடலின் மெதுவான ஆட்டம் மணிக்கு மணி தடித்துக்கொண்டே வந்திருந்தது.

பெட்டி சொல்லியிருக்கிறது. இரண்டு வாயால் சொல்லியிருக்கிறது. இரண்டையும் நான்தான் பொத்தினேன். நான் தூய்மை என்று படம் எடுத்து அனுப்பியது அந்த நாற்பது பேரும் கடலைப் பார்த்துப் பயந்து கயிற்றைத் தொடாமல் நின்ற காலை. அவர்களுடைய பயம் என் திரையில் நல்ல பதிவாக வந்திருந்தது.

மடிக்கு மூத்தவருக்குப் போன் செய்தேன். வருடம் முழுவதிலும் பட்டை இல்லாத வேலை நாட்களைச் சொல்லிச் சொல்லிக் கேட்டேன். எந்தத் தாளையும் பார்க்காமல் சொன்னார். அன்னிக்கு எனக்க மச்சானுக்க அடக்கம். அன்னிக்கு ஊர்த் திருவிழாக் கொடி. அது கடலு சரியில்லாத்த நாளு, அதுக்கு மறுநாளும் வளைக்கல்ல. கடைசியாக அந்த நாளைக் கேட்டேன். "தெரிஞ்சிட்டே கேக்கியா பிள்ளே?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இதைப் பேராசிரியரிடம் நேரில் போய்க் காட்டினேன். என் தவறைக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் காட்டினேன். அந்த மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அற்புதம் என்றார். இரைச்சல் இல்லாமல் போவதே ஒரு எச்சரிக்கை, யாரும் இதுவரை சொல்லாதது, இது தனிக் கட்டுரை என்றார். இன்னும் பத்துக் கடற்கரைகளில் பெட்டி வைத்து, மீனவர்கள் வலை இழுக்கிறார்களா இல்லையா என்று அளந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று திட்டம் போட ஆரம்பித்தார்.

நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேராசிரியரைப் பார்த்துக் கத்தினேன்.

"சார், அவர்கள் வலை இழுக்கவில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். அந்த போன் அன்றைக்கு எனக்கு வந்தது!"

"உணர்ச்சிவசப்படாதீர்கள்."

"அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது கட்டுரையில் வரவேண்டும். கருவி அமைதி என்றது, ஆய்வாளர் அதை நம்பி ஒருவரை வீட்டிலேயே இருக்கச் சொன்னார், அவர் கால் போயிற்று. இப்படியே எழுத வேண்டும்."

"அது ஒரு தனிநபர் விபத்து. அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது? அடுத்த வருட ஒப்பந்தத்தைப் பற்றியும் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்."

முதல் ஆசிரியராக என் பெயர் இருந்ததால், ஏற்கெனவே அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு நானே எழுதினேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, மாமாவுக்குத்தான் பந்தியில் கேட்க இன்னொரு கேள்வி கிடைத்தது.

மிச்சமிருந்தது ஒன்றுதான். அந்தப் பெண்மணியிடம் நான் அது வேற என்று சொல்லியிருந்தேன். அவர் அதை நம்பி எனக்கு ஆரஞ்சு கொடுத்திருந்தார். நிஜத்தைப் போய்ச் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"என்னத்துக்குப் பிள்ளே? அவளுக்குத் தெரியவா போவுது?"

பேராசிரியர் சொன்ன அதே வாக்கியம். அவர் ஆங்கிலத்தில் சொன்னார், அம்மா நாஞ்சில் தமிழில் சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுக்கவே நேரமாயிற்று. மூலப் பதிவைப் பார்த்த பிறகும் இத்தனை நாள் நானும் அதே நினைப்பில்தான் வாய் மூடி இருந்தேன் என்பது தக்கலை தாண்டும்போது புரிந்தது.

அவர் மேட்டுத் தெருவில் தங்கச்சி வீட்டில் இருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் ஒரு முக்காலியில் நீட்டிய கால். பக்கத்து வீட்டுப் பெண் கரையிலிருந்து கொண்டுவந்த மீனை அவர் தரம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலைச்சுமைக்காரிக்கு இப்போது கிடைத்த வேலை அது. என்னைப் பார்த்ததும், "வந்தியா மக்கா? இரி" என்றார். நான் உட்காரவில்லை.

"அக்கா, பெட்டி சொல்லிச்சு. நான்தான் அத அழிச்சிட்டேன்."

புரியாமல் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மடி இழுக்கும்போது மண் அதிர்வதை, அது எனக்கு இடைஞ்சலாக இருந்ததை, அதைத் துடைக்க நான் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியதை, அன்றைக்கு அதிர்வே இல்லாததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை. அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அவனுவ இழுக்காத்தது பெட்டியில தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு அக்கா. அழிக்காம வச்சிருந்தா அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அழிக்காம வச்சிருந்தா." அந்தச் சொல்லை அவர் வாய்க்குள் ஒரு தடவை திருப்பிச் சொன்னார். பிறகு நாற்காலியின் கைகளைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நீட்டியிருந்த கால் முக்காலியிலிருந்து நழுவியது. நான் தாங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

"ஏட்டி, மடி வளைக்கல்லண்ணு அன்னிக்கு நான் ஒனக்குப் போன்ல எனக்க வாயால சொன்னேன்லா. அதையும் அழிச்சிட்டியா?"